முயல் வாங்கிய மலை

நோயல் என்ற சிறுவனுக்கு அப்போது 5 வயது. இங்கிலாந்து நாட்டுப் பையன். நோயில் விழுந்து, படுத்த படுக்கையாகக் கிடந்தான். வெளியே போக முடியாது. ஓடியாட முடியாது.

அவனுடைய தாய்க்குப் பழக்கமான ஒரு பெண் இருந்தார். நோயலுக்கு ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று அந்தப் பெண் நினைத்தார். ஆனால் சின்னப் பையனுக்கு என்ன செய்தி எழுதுவது? ஒன்றும் தோன்றவில்லை. அதனால் ஒரு கதை எழுதினார். நான்கு முயல் குட்டிகளின் கதை. வரிகளுக்கு நடுவே பேனாவினாலேயே படங்களும் போட்டார். அது 1893-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி.

அந்தக் கடிதம் பிறகு புத்தகம் ஆயிற்று. புத்தகம் பணம் ஆயிற்று. பணம் நிலம் ஆயிற்று. கடைசியில், வயலும் காடும் மலைச்சரிவுமாக 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட பூமி நாட்டு மக்களுக்குச் சொந்தமாயிற்று!

அந்தப் பெண்ணின் பெயர் பியாட்ரிக்ஸ் பாட்டர்.

குழந்தைகளுக்குத் தோட்டத்தையும், செடி கொடியையும், சிறு பிராணிகளையும் படத்தில் காட்டும் புத்தகங்கள் இன்று எத்தனையோ உண்டு. அவற்றில் முன்னோடி என்று சொல்லத்தக்கது பாட்டரின் முயல் கதை. அந்தக் கதை பிறந்த கதையும் சுவையானது.

மாடி அறையில் ஒரு காடு

பாட்டர் 1866-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி லண்டனில் பிறந்தார். செல்வக் குடும்பம். தாத்தா காலத்துப் பஞ்சாலைப் பணம் வீட்டில் நிறைய இருந்தது. தகப்பனார் வக்கீலுக்குப் படித்தவர். ஆனால் வழக்காடிச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

பணம் இருந்தது. தோழிகள் இல்லை. பாட்டரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கே ஆசிரியைகள் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்குத் துணையாக இருந்தவன் ஒரே தம்பி. அவன் 6 வயது இளையவன்.

அக்காளும் தம்பியும் மாடி அறையில் ஒரு காட்டையே வைத்திருந்தார்கள். முயல், எலி, முள்ளெலி, வௌவால், தவளை, பல்லி என்று எது கிடைத்தாலும் வளர்த்தார்கள். கோடை விடுமுறையில் குடும்பம் ஸ்காட்லாந்துக்குப் போகும். பிறகு, இங்கிலாந்தின் வடக்கே உள்ள ஏரி மாவட்டத்துக்கும் போனது. மலையும் ஏரியும் ஓடையும் நிறைந்த இடம் அது. லண்டன் வீட்டில் அடைபட்டிருந்த பெண்ணுக்கு அது சொர்க்கமாக இருந்தது.

பார்த்ததையெல்லாம் வரைந்தார். பார்த்தபடியே வரைந்தார். முயலின் காதில் நரம்பு ஓடுவதும் படத்தில் தெரியும். இறந்த பிராணியையும் வீணாக்கவில்லை. அதன் எலும்புக் கூட்டை எடுத்து, எந்த எலும்பு எங்கே பொருந்துகிறது என்று பார்த்து வரைந்தார்.

பிற்காலத்தில் அவர் படத்தில் முயல் சட்டை போட்டுக்கொண்டது. ஆனால் சட்டைக்குள் இருந்தது உண்மையான முயல்!

வாசலோடு நின்ற ஆராய்ச்சி

வளர்ந்த பிறகு பாட்டருக்குக் காளான் மீது ஆசை ஏற்பட்டது. ஸ்காட்லாந்தில் சார்லஸ் மக்கின்டாஷ் என்ற தபால்காரர் இருந்தார். கடிதம் கொடுக்க மைல் கணக்கில் நடந்தவர். நடக்கும் வழியில் செடிகளையும் காளான்களையும் ஆராய்ந்து பெரிய அறிவாளி ஆனவர். அவர் பாட்டருக்குக் காளான் மாதிரிகளை அனுப்பினார். பாட்டர் அவற்றை வரைந்து அனுப்பினார்.

காளானுக்கு விதை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துத் தூள்தான் உண்டு. அந்தத் தூள் எப்படி முளைக்கிறது என்று பாட்டர் வீட்டிலேயே முளைக்க வைத்துப் பார்த்தார். நுண்ணோக்கியில் பார்த்ததை வரைந்தார். கட்டுரையாகவும் எழுதினார்.

லண்டனில் லின்னியன் சங்கம் என்ற பெரிய இயற்கை அறிவியல் சங்கம் இருக்கிறது. 1897-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நடந்த கூட்டத்தில் அவருடைய கட்டுரை வைக்கப்பட்டது. ஆனால் அதை அவர் கொண்டு போகவில்லை. அந்தக் காலத்தில் அச்சங்கத்தின் கூட்டத்துக்குள் பெண்கள் போகக்கூடாது. வேறொரு ஆண் அறிஞர்தான் கட்டுரையைக் கொண்டு போனார். பிறகு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அச்சில் வரவே இல்லை.

சரியாக 100 ஆண்டு கழித்து, 1997-ல், பாட்டரை நடத்திய விதம் சரியல்ல என்று அந்தச் சங்கமே ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1967-ல், காளான்களைப் பற்றி வந்த ஒரு நூலில் அவருடைய படங்கள் இடம் பெற்றன. அவை அவ்வளவு துல்லியமாக இருந்தன. ஆனால் இரண்டையும் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அறிவியலின் கதவு மூடியது. அவர் வேறு கதவைத் தட்டினார்.

6 பேர் மறுத்தார்கள்

நோயலுக்கு எழுதிய கடிதம் அவர் நினைவுக்கு வந்தது. நல்ல வேளையாக, சிறுவன் அதைக் கிழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தான். பாட்டர் அதை இரவல் வாங்கினார். கதையைச் சற்று வளர்த்தார். படங்களைப் புதிதாக வரைந்தார்.

புத்தகம் போடுகிறவர்கள் 6 பேருக்கு அனுப்பினார். 6 பேரும் மறுத்துவிட்டார்கள்.

பாட்டருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. புத்தகம் சின்னதாக இருக்க வேண்டும். குழந்தையின் சின்னக் கைக்குள் அடங்க வேண்டும். விலையும் குறைவாக இருக்க வேண்டும். பெரிய புத்தகம் போட்டுப் பெரிய விலை வைத்தால் குழந்தைகள் எப்படி வாங்குவார்கள் என்பது அவருடைய வாதம்.

யாரும் போடவில்லை என்றதும், தம் கைப்பணத்தில் தாமே அச்சிட்டார். 1901-ம் ஆண்டு டிசம்பரில் 250 பிரதிகள் வந்தன. உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்தார். சில பிரதிகளை விற்றார். போதவில்லை. மறுபடியும் அச்சிட வேண்டியதாயிற்று.

முன்பு மறுத்தவர்களில் ஒருவரான வார்ன் கம்பெனியார் இப்போது இறங்கி வந்தார்கள். படங்கள் வண்ணத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். பாட்டர் சம்மதித்தார். 1902-ம் ஆண்டு அக்டோபரில் "பீட்டர் முயலின் கதை" வெளிவந்தது. விலை 1 ஷில்லிங். முதலில் அச்சிட்ட 8,000 பிரதிகளும் வெளியாகும் முன்பே விற்றுப் போயின!

இன்று வரை அந்தப் புத்தகம் 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

வேலிக்குள் என்ன இருந்தது?

அப்படி அந்தக் கதையில் என்னதான் இருக்கிறது?

தாய் முயலுக்கு நான்கு குட்டிகள். மக்கிரகர் என்பவரின் தோட்டத்துக்கு மட்டும் போகாதீர்கள் என்று தாய் எச்சரிக்கிறது. உங்கள் அப்பா அங்கே போய்த்தான் பிடிபட்டார், மக்கிரகர் மனைவி அவரைச் சமைத்துவிட்டாள் என்றும் சொல்கிறது. மூன்று பெண் குட்டிகளும் தாய் சொல்லைக் கேட்கின்றன. பீட்டர் கேட்கவில்லை. தோட்டக் கதவுக்கு அடியில் நுழைந்து விடுகிறான்.

உள்ளே போனவன் லெட்டூஸ் என்ற கீரையைத் தின்கிறான். பீன்சைத் தின்கிறான். முள்ளங்கியைத் தின்கிறான். தின்று தின்று வயிறு மந்தமாகிறது. செரிப்பதற்காகப் பார்ஸ்லித் தழையைத் தேடிப் போகிறான். வெள்ளரிப் பாத்தியைத் திரும்பினால், எதிரே மக்கிரகர்! முட்டைக்கோசு நாற்றுகளை மண்டியிட்டு நட்டுக்கொண்டு இருக்கிறார்.

பிறகு ஒரே ஓட்டம். ஒரு செருப்பு முட்டைக்கோசுப் பாத்தியில் கழன்றது. இன்னொன்று உருளைக்கிழங்குச் செடிக்குள் விழுந்தது. செருப்பு போனதும் பீட்டர் நான்கு காலால் ஓடுகிறான். அப்போதுதான் வேகம் கூடுகிறது! பழச் செடி மேல் பறவைகளுக்காக விரித்த வலையில், அவனுடைய நீலச் சட்டையின் பித்தளைப் பொத்தான் மாட்டிக் கொள்கிறது. சட்டையை உதறிவிட்டுத் தப்புகிறான். ஒளிந்துகொள்ளப் பூவாளிக்குள் குதித்தால், அதில் தண்ணீர்! தும்மல் வந்து காட்டிக் கொடுத்து விடுகிறது.

கடைசியில் எப்படியோ வீடு வந்து சேர்கிறான். அவனுடைய சட்டையும் செருப்பும் தோட்டத்தில் காக்கை விரட்டும் பொம்மைக்குப் போய்ச் சேர்கின்றன. தாய் அவனுக்குச் சீமைச் சாமந்திப்பூக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைக்கிறது.

கதையைக் கேட்கும் குழந்தை பயத்தோடும் சிரிப்போடும் கேட்கிறது. ஆனால் கேட்டு முடித்ததும் ஒரு காய்கறித் தோட்டம் முழுவதையும் சுற்றி வந்துவிட்டது! நாற்றை எப்படி நடுவது, வலை எதற்கு, பூவாளி எதற்கு, பொம்மை எதற்கு என்று யாரும் பாடம் நடத்தவில்லை. முயலோடு ஓடும்போது எல்லாம் தானாகத் தெரிந்துவிடுகிறது.

பாட்டர் இன்னொன்றையும் மறைக்கவில்லை. தோட்டக்காரருக்கு முயல் எதிரி. முயலுக்குத் தோட்டக்காரர் எதிரி. இருவருக்கும் வயிறு உண்டு. இயற்கை என்பது அழகு மட்டும் அல்ல என்பதைக் குழந்தைக்கும் சொல்லலாம், பயமுறுத்தாமல் சொல்லலாம் என்று அவர் காட்டினார்.

ஒரு மாதத்து மகிழ்ச்சி

புத்தகத்துக்குப் பின் புத்தகமாக வந்தது. கொட்டைகளைச் சேர்க்கும் சிவப்பு அணில், தாமரை இலை போன்ற அல்லி இலையில் மிதக்கும் தவளை என்று ஒவ்வொன்றும் ஒரு புத்தகத்தின் நாயகன் ஆயிற்று.

வார்ன் கம்பெனியில் இந்தப் புத்தகங்களைக் கவனித்தவர் நார்மன் வார்ன். முதலாளி குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனிதர். கடிதப் போக்குவரத்து நட்பாயிற்று. நட்பு அன்பாயிற்று. 1905-ம் ஆண்டு ஜூலையில், திருமணத்துக்குச் சம்மதமா என்று நார்மன் கேட்டு எழுதினார். பாட்டர் சம்மதித்தார்.

பெற்றோர் சம்மதிக்கவில்லை. வியாபாரம் செய்கிறவரை மருமகனாக ஏற்பது தங்கள் அந்தஸ்துக்குக் குறைவு என்று நினைத்தார்கள். பாட்டருக்கு அப்போது 39 வயது! ஆனாலும் தம் முடிவை அவர் மாற்றிக் கொள்ளவில்லை.

விதி வேறாக இருந்தது. ஒரே மாதத்தில், ஆகஸ்டு 25-ந் தேதி, நார்மன் இரத்த நோயால் இறந்துவிட்டார். வயது 37.

பாட்டர் அழுதுகொண்டு லண்டன் வீட்டிலேயே உட்கார்ந்துவிடவில்லை. அதே ஆண்டில், ஏரி மாவட்டத்தில் சாரி என்ற கிராமத்தில் ஒரு பண்ணையை வாங்கினார். பெயர் ஹில் டாப். பரப்பு 34 ஏக்கர். பணம் எங்கிருந்து வந்தது? புத்தகம் விற்ற பணம். அதோடு, உறவினர் ஒருவர் விட்டுப்போன சிறு தொகை.

முயல் வாங்கிக் கொடுத்த முதல் பண்ணை அதுதான்.

திருடி நட்ட செடி

ஹில் டாப்பில் பாட்டர் தாமே தோட்டம் போட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு செடியும் பதியனும் கொண்டுவந்து கொடுத்தார்கள். திருடி நட்ட செடிதான் நன்றாகத் தழைக்கும் என்று நம் ஊரில் சொல்வது உண்டு. அந்த ஊரிலும் அதே பேச்சு! குப்பையோடு எரிக்கப் போட்டிருந்த ஒரு செடியைத் தாமும் "திருடி" வந்ததாகப் பாட்டர் ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

அந்தத் தோட்டமும் பண்ணையும் அப்படியே புத்தகங்களுக்குள் புகுந்தன. 1908-ல் வந்த ஜெமிமா என்ற வாத்தின் கதை ஓர் உதாரணம்.

ஜெமிமாவின் முட்டைகளை வீட்டார் எடுத்து விடுகிறார்கள். வாத்துக்கு அடைகாக்கப் பொறுமை போதாது என்பதால் கோழியிடம் வைக்கிறார்கள். தானே அடைகாக்க வேண்டும் என்று ஜெமிமாவுக்கு ஆசை. ரூபார்ப் என்ற அகன்ற இலைச் செடியின் அடியில் முட்டைகளை ஒளித்து வைக்கிறது. அதையும் கண்டுபிடித்து விடுகிறார்கள். காட்டுக்குப் போகிறது. அங்கே நல்லவன் போல் பேசுகிறது ஒரு நரி. விருந்து சமைக்கப் புதினா, வெங்காயம், வாசனைத் தழைகள் எல்லாம் பறித்து வரும்படி வாத்திடமே சொல்கிறது. தன்னை வறுப்பதற்குத் தானே மசாலா தேடிப் போகிறது, பாவம், அந்த வாத்து!

பண்ணை நாய் கெப் வந்து காப்பாற்றுகிறது. ஆனால் உதவிக்கு வந்த நாய்க்குட்டிகளே முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. நாய்க்குட்டி நாய்க்குட்டியாகத்தானே இருக்கும்?

கெப் உண்மையான நாய். ஜெமிமா உண்மையான வாத்து. பாட்டரின் பண்ணைப் பொறுப்பாளர் மனைவியும் குழந்தைகளும் கூடப் படத்தில் இருக்கிறார்கள். ரூபார்ப் செடி நின்ற பாத்தியும் உண்மை.

ஆடு வளர்த்த ஆசிரியை

புத்தகம் விற்க விற்க, பாட்டர் நிலம் வாங்கினார். வாங்குவதற்கு ஊர் வக்கீல் ஒருவர் உதவினார். அவர் பெயர் வில்லியம் ஹீலிஸ். 1913-ம் ஆண்டு பாட்டர் அவரையே மணந்தார். அப்போது அவருக்கு வயது 47. பிறகு ஊரில் அவர் "திருமதி ஹீலிஸ்" ஆனார். கனத்த கம்பளிப் பாவாடையும், காலில் கட்டைச் செருப்புமாகச் சேற்றில் நடக்கும் பண்ணைக்காரி!

அவர் நிலம் வாங்கியது சொத்து சேர்க்க அல்ல. அழகான இடம் என்றால் பணக்காரர்கள் வீடு கட்ட வருவார்கள். வயல் மனையாகும். ஆட்டு மந்தை போய்விடும். ஏரியில் கடல் விமானம் இறக்கவும், அதற்குத் தொழிற்சாலை கட்டவும் ஒரு முயற்சி நடந்தபோது, 1912-ல் பாட்டர் அதை எதிர்த்துப் பத்திரிகைக்கு எழுதினார்.

அந்த மலைக்கே உரியது ஹெர்ட்விக் என்ற ஆட்டினம். குளிரையும் மழையையும் தாங்கக் கூடியது. மலையில் வேலி கிடையாது. ஆனாலும் அந்த ஆடு தன் மேய்ச்சல் எல்லையை விட்டுப் போகாது. எல்லையைக் குட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது தாய் ஆடு. தாயோடு மேய்ந்தே குட்டி கற்றுக் கொள்கிறது. மந்தையை ஒருமுறை விற்றுவிட்டால் அந்த அறிவும் போய்விடும். அதனால்தான் பாட்டர் நிலத்தோடு மந்தையையும் காப்பாற்றினார். ஆட்டுச் சந்தைகளில் நடுவராகவும் இருந்தார்.

1923-ல் ட்ரவுட்பெக் பார்க் என்ற பெரிய மலைப் பண்ணையை வாங்கினார். 1930-ல் மாங்க் கானிஸ்டன் என்ற இடம் விலைக்கு வந்தது. சுமார் 4,000 ஏக்கர். துண்டு துண்டாகப் போய்விடக் கூடாதே என்று முழுவதையும் வாங்கினார். இயற்கை இடங்களையும் பழைய கட்டிடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு அதில் பாதியை வாங்கிய விலைக்கே கொடுத்தார்.

பாட்டர் 1943-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி காலமானார். வயது 77. அவருடைய சாம்பலை அவரிடம் வேலை பார்த்த ஆட்டிடையர் சாரி கிராமத்தின் அருகே தூவினார். எந்த இடம் என்று ஊருக்குச் சொல்லவில்லை.

உயிலில், 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் 14 பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச் சென்றார். மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே தொடர்ந்து மேய வேண்டும் என்றும் எழுதி வைத்தார். 2017-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் ஏரி மாவட்டத்தை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

படமும் செடியும்

ஹில் டாப் வீட்டை 1946-ல் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். சின்னப் புத்தகத்தோடு அங்கே போகிற குழந்தை, படத்தில் உள்ள பாதையைத் தேடலாம். படத்தில் உள்ள வாசலைத் தேடலாம். ஜெமிமா முட்டையை ஒளித்த இடத்தைத் தேடலாம். எல்லாம் இருக்கின்றன!

அவ்வளவு தூரம் எல்லாக் குழந்தைகளும் போக முடியாது. போகவும் வேண்டியதில்லை. பாட்டர் ஆரம்பித்தது ஒரு கடிதத்தில்தான். ஒரு தாளும் பேனாவும் ஒரு நோயாளிச் சிறுவனிடம் கொண்ட அன்பும்தான் அவருடைய முதல். படப் புத்தகத்தில் முள்ளங்கியைக் காட்டும் தாய், ஒரு தொட்டி மண்ணில் நான்கு முள்ளங்கி விதையையும் குழந்தை கையால் போட வைத்தால் போதும். நான்கைந்து நாளில் இரண்டு இலை எட்டிப் பார்க்கும். அன்றைக்கு அந்தக் குழந்தை மறுபடியும் புத்தகத்தைத் தேடி எடுக்கும்.

பாட்டரின் வாசகர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஒரு ஷில்லிங் கொடுத்து முயல் கதை வாங்கியபோது, ஒவ்வொரு குழந்தையும் அந்த மலையில் ஒரு பிடி மண்ணையும் சேர்த்துத்தான் வாங்கியது. அந்த மண்ணில் இன்றும் ஆடுகள் மேய்கின்றன.